வந்து பார் – எரிந்த கிராமங்களும் ஒரு சினிமாவும்

இந்தப் படத்தை இதுவரைக்கும் யாருக்கும் சிபாரிசு பண்ணினதில்லை. இனியும் பண்ணமாட்டேன். என் ரூம்மேட் கூட உட்கார்ந்து பார்க்க ஆரம்பிச்சு, முக்கால் மணி நேரத்துல "டேய், எனக்கு நாளைக்கு ரிலீஸ் இருக்கு" என்று எழுந்து போய்விட்டான். அவனுக்கு எந்த ரிலீசும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கும் நிஜத்தைப் பற்றியும் எழுதியே ஆகணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவங்க படிங்க.

படத்தின் பெயர் ரஷ்ய மொழியில் 'இதி இ ஸ்மோத்ரி'. தமிழில் 'வந்து பார்'. 1985ல் வந்த சோவியத் படம், 142 நிமிடம். இயக்கியவர் எலெம் கிளிமோவ். திரைக்கதை கிளிமோவும் பெலாரஸ் எழுத்தாளர் அலெஸ் அதமோவிச்சும் சேர்ந்து எழுதியது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து தலைப்பை எடுத்திருக்கிறார்கள். முத்திரைகள் உடைக்கப்பட, குதிரை குதிரையாக அழிவு வந்து இறங்குமே, அந்த அதிகாரம். 'வந்து பார்' என்றால் ஏதோ சுற்றுலாவுக்குக் கூப்பிடுவதுபோல இருக்கும். கூப்பிடுவது எங்கே என்பது போகப்போகத்தான் புரியும்.

இரண்டாம் உலகப் போர் என்றாலே நமக்கெல்லாம் நார்மண்டி கடற்கரை, 'சேவிங் பிரைவேட் ரயன்', அமெரிக்கச் சிப்பாய், சூயிங் கம். கொஞ்சம் வயசானவங்க 'கன்ஸ் ஆஃப் நவரோன்' என்பார்கள். ஆனால் ஜெர்மன் ராணுவத்தின் பெரும்பகுதி செத்தது கிழக்கே. சாதாரண ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததும் அங்கேதான். அதிலும் பெலாரஸ். போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில், காடும் சதுப்பு நிலமுமாக இருக்கிற சமவெளி. மாஸ்கோவைப் பிடிக்கணும்னு மேற்கிலிருந்து கிளம்புகிறவன் எவனாக இருந்தாலும் இவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாகத்தான் போகணும். நெப்போலியனும் அப்படித்தான் போனான். திரும்பி ஓடினதும் அதே வழியில்தான்.

1941 ஜூன் 22ல் ஹிட்லரின் படை சோவியத் எல்லையைத் தாண்டியது. ஒரே வாரம், ஜூன் 28ல் தலைநகர் மின்ஸ்க் விழுந்துவிட்டது. அதிலிருந்து 1944 ஜூலை 3ல் செஞ்சேனை மின்ஸ்க்கை மீட்கும்வரை, மூன்று வருஷம் முழுசாக அந்நிய ராணுவத்தின் கையில். இந்த ஆக்கிரமிப்பை பிரான்ஸில் நடந்ததோடு ஒப்பிட முடியாது. பாரிசில் ஜெர்மன் அதிகாரிகள் ஓபராவுக்குப் போனார்கள். பெலாரஸில் திட்டமே வேறு. நிலம் வேண்டும், தானியம் வேண்டும், அங்கிருக்கிற ஜனங்கள் வேண்டாம். ராணுவத்தை அந்த மண்ணின் விளைச்சலிலேயே ஊட்ட வேண்டும், அதனால் கோடிக்கணக்கான பேர் பட்டினியில் சாவார்கள் என்று படையெடுப்புக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். முதலில் யூதர்கள். மின்ஸ்க் கெட்டோவிலும் சின்னச் சின்ன ஊர்களின் பள்ளங்களிலும் பல லட்சம் பேர். அப்புறம் போர்க்கைதிகள். அப்புறம் கிராமங்கள்.

கிராமங்களை ஏன் எரித்தார்கள்? காட்டுக்குள் கொரில்லாக்கள் இருந்தார்கள். பார்ட்டிசான்கள். ரயில் பாதையைப் பெயர்ப்பது, டெலிபோன் கம்பியை அறுப்பது, தனியாக வரும் லாரியை அடிப்பது என்று நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே போனார்கள். காட்டுக்குள் போய் அவர்களைப் பிடிப்பது கஷ்டம், ஆபத்தும்கூட. கிராமம் எங்கேயும் ஓடாது. கொரில்லாவுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிராமத்திலிருந்துதானே போகிறது? கிராமத்தை இல்லாமல் ஆக்கிவிட்டால்? 1943 வாக்கில் இது ஒரு நிர்வாக நடைமுறையாகவே ஆகிவிட்டது. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி வளைப்பது, உழைக்கத் தெம்பு இருப்பவர்களை ஜெர்மனிக்கு ஏற்றுவது, கால்நடையைக் கணக்கெடுத்து ஓட்டிப் போவது, மீதியைக் கொளுத்துவது. அந்தப் பகுதிக்கு 'செத்த மண்டலம்' என்று பெயர். ஆபரேஷனுக்குப் பின் எத்தனை மாடு, எத்தனை டன் தானியம், எத்தனை 'கொள்ளைக்காரர்கள்' என்று அட்டவணை போட்டு ரிப்போர்ட். செத்தவர்கள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும், கைப்பற்றிய துப்பாக்கிகள் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும். ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கிறது. துப்பாக்கி இல்லாத 'கொள்ளைக்காரர்கள்' யார்?

சரி, படத்துக்கு வருவோம்.

1943. ஃப்ளியோரா என்று ஒரு பையன், பதினாலு வயசு இருக்கும். இன்னொரு சின்னப் பையனோடு மணல் மேட்டைத் தோண்டுகிறான். செத்த சிப்பாயின் துப்பாக்கி ஏதாவது கிடைக்குமா என்று. துப்பாக்கி இருந்தால்தான் கொரில்லாக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தோண்டாதீங்கடா என்று கத்துகிறார். இவன் கேட்கவில்லை. துப்பாக்கி கிடைத்துவிடுகிறது. பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மேலே ஒரு ஜெர்மன் வேவு விமானம் மெதுவாக வட்டமிடுகிறது. படம் முழுக்க அந்த விமானம் வந்துகொண்டே இருக்கும். குண்டு போடாது, ஒன்றும் செய்யாது, பார்த்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் கொரில்லாக்கள் அவனைக் கூட்டிப் போக வீட்டுக்கே வருகிறார்கள். அம்மா, இரண்டு குட்டித் தங்கைகள், இரட்டையர். அப்பா இல்லை. அம்மா அழுது பார்க்கிறாள், திட்டிப் பார்க்கிறாள், கடைசியில் கோடாரியை எடுத்து அவன் கையில் திணித்து, போறதுக்கு முன்னாடி எங்க மூணு பேரையும் நீயே வெட்டிட்டுப் போ என்கிறாள். பையன் தங்கைகளைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிக்கிறான். அவனுக்கு அது அம்மாவின் வழக்கமான புலம்பல். போர் என்றால் போட்டோவில் நிற்பது போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பதினாலு வயசில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

காட்டில் அவன் நல்ல பூட்ஸைப் பறித்துக்கொண்டு ஒரு பெரியவனின் கிழிந்த பூட்ஸைக் கொடுத்து, முகாமைக் காவல் காக்க விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே கிளாஷா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அப்புறம் வானத்திலிருந்து குண்டு. இங்கே கிளிமோவ் பண்ணியிருக்கிற ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகணும். குண்டு பக்கத்தில் வெடித்ததும் ஃப்ளியோராவுக்குக் காது அடைத்துப் போகிறது. நமக்கும்தான்! ரொம்ப நேரத்துக்கு எல்லாச் சத்தமும் தண்ணிக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கி, மேலே ஒரு கீச்ச்ச் என்ற ஒற்றை ஒலி மட்டும். இன்றைக்கு எல்லாப் போர்ப் படத்திலும் வீடியோ கேமிலும் இந்த உத்தி வருகிறது. பெரும்பாலும் பத்து செகண்டில் சரியாகிவிடும். இதில் சரியாகாது.

ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். வீட்டில் யாருமில்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. தரையில் தங்கைகளின் பொம்மைகள் வரிசையாக. ஈ மொய்க்கும் சத்தம். சூப்பைக் குடிக்கிறார்கள். ஃப்ளியோரா, எல்லாரும் சதுப்புக்கு நடுவில் இருக்கிற தீவுக்குத் தப்பிப் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பிக்கிறான். பின்னால் ஓடுகிற கிளாஷா ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் ஊரே பிணமாக அடுக்கிக் கிடக்கிறது. ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட்தான். கேமரா நிற்கவே இல்லை. அவன் பார்க்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. இதே காட்சியை வேறு யாராவது எடுத்திருந்தால் பின்னணியில் வயலின் போட்டு குளோசப்பில் ஒவ்வொரு முகமாகக் காட்டியிருப்பார்கள்.

சதுப்பைத் தாண்டிப் போனால் தீவில் உயிர் பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் உடம்பெல்லாம் வெந்துபோய்ச் சாகக் கிடக்கிறவர், தோண்டாதே என்று முதலில் கத்தினாரே, அந்தப் பெரியவர்தான். தோண்டாதேன்னு அப்பவே சொன்னேனே என்கிறார். சோவியத் அரசாங்கப் பணத்தில் எடுத்த ஒரு போர்ப் படத்தில் இந்த வசனம் எப்படித் தப்பியது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். கொரில்லா வீரம் பற்றிய படமாக இருந்திருந்தால் இந்தப் பெரியவருக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசி ஒரு மணி நேரத்தில் பெரெஹோதி என்ற கிராமத்துக்கு எஸ்.எஸ். படை வருகிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம், அப்புறம் ஆட்கள். ஊர் முழுவதையும் ஒரு பெரிய மரக்கொட்டகைக்குள் அடைக்கிறார்கள். ஒரு அதிகாரி ஜன்னலில் வந்து, குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் வெளியே வரலாம் என்கிறான். யாரும் நகரவில்லை. ஃப்ளியோரா மட்டும் ஏறிக் குதிக்கிறான். அப்புறம் தீ. வெளியே பாட்டு, கைதட்டல், ஒரு அதிகாரியின் தோளில் தேவாங்கு மாதிரி ஒரு குட்டிப் பிராணி. இவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

இது கற்பனைக் கிராமம். ஆனால் நிஜத்தில் நடந்த ஊர் ஒன்று இருக்கிறது. ஹத்தீன். மின்ஸ்க்கிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர், காட்டுக்குள் 26 வீடுகள்.

1943 மார்ச் 22. முந்தின இரவு கொரில்லாக் குழு ஒன்று ஹத்தீனில் தங்கியிருக்கிறது. காலையில் கிளம்பிப் போய் பக்கத்து ரோட்டில் டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டுப் பதுங்கியிருந்தார்கள். அந்த வழியாக வந்த துணைப் போலீஸ் படை வண்டிகள் மீது தாக்குதல். நாலு பேர் காலி. அதில் ஒருவர் ஜெர்மன் கேப்டன் ஹான்ஸ் வோல்கெ. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் நீங்கள் ஒலிம்பிக்ஸ் பைத்தியம் என்று அர்த்தம். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் குண்டு எறிதலில் தங்கம் வாங்கினவர். ஜெஸ்ஸி ஓவன்ஸ் நாலு தங்கம் வாங்கிய அதே மைதானம். வோல்கெ தொழிலால் போலீஸ்காரர். ஹிட்லரே பாராட்டிய ஆள்.

மதியத்துக்கு மேல் ஹத்தீனைச் சுற்றி வளைத்தார்கள். கொரில்லாக்கள் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஊரில் இருந்த எல்லாரையும் – கைக்குழந்தை வைத்திருந்தவள், படுக்கையில் கிடந்தவன், கிழவர்கள் என்று பாக்கியில்லாமல் – கூட்டுப்பண்ணைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டி, சுற்றி வைக்கோல் அடுக்கி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் முட்டி மோதியதில் கதவு சாய்ந்தது. வெளியே வந்தவர்களுக்கு மெஷின் கன். செத்தவர்கள் 149 பேர். அதில் குழந்தைகள் 75.

கொட்டகைக்குள் போய் உயிரோடு மீண்ட ஒரே பெரியவர் யூஸிஃப் காமின்ஸ்கி. ஊர்க் கொல்லர், வயது 56. தீக்காயத்தோடு மயங்கிக் கிடந்தவர் இரவில் நினைவு வந்து எழுந்து, பிணங்களுக்கு நடுவில் தன் மகன் ஆதாமைத் தேடிக் கண்டுபிடித்தார். பையனுக்கு உயிர் இருந்தது. அப்பா கையிலேயே போய்விட்டது. 1969ல் அங்கே நினைவிடம் திறந்தபோது நட்ட ஆறு மீட்டர் உயர வெண்கலச் சிலை அந்தக் காட்சிதான்: கையில் மகனின் உடலோடு நிற்கும் ஒரு மனிதன். வீடு இருந்த இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைபோக்கி மாதிரித் தூண், அதன் மேல் மணி. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா மணியும் ஒலிக்கும். பக்கத்தில் கிராமங்களுக்கான கல்லறை. ஆமாம், மனுஷங்களுக்கு இல்லை, கிராமங்களுக்கு. எரிந்து, திரும்ப ஒருபோதும் எழாத 185 ஊர்களின் மண்ணை எடுத்து வந்து ஊருக்கு ஒரு கல்லறை வைத்திருக்கிறார்கள். 186வது ஹத்தீன்.

படத்தின் கடைசியில் ஒரு வரி வருகிறது, பெலாரஸில் 628 கிராமங்கள் ஜனங்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்று. சோவியத் காலத்துக் கணக்கு அது. 2021ல் பெலாரஸ் அரசு வழக்குத்தொடுநர் அலுவலகம் இனப்படுகொலை விசாரணை ஒன்றைத் திறந்த பிறகு சொல்லப்படுகிற எண்கள் இன்னும் பெரியவை. அந்த எண்களுக்குப் பின்னால் இன்றைய அரசியலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதால் நான் பழைய கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த நாட்டின் ஜனத்தொகையில் நாலில் ஒருவர் போரில் போனார் என்பது பல காலமாகச் சொல்லப்படுவது. ஹத்தீனில் அதற்கும் ஒரு சின்னம் இருக்கிறது. ஒரு சதுரத்தின் மூன்று மூலையில் பிர்ச் மரம், நாலாவது மூலையில் அணையாத தீ.

அதமோவிச் இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்ட ஆள் இல்லை. பதின்ம வயதில் அவரே கொரில்லாக் குழுவில் இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் யான்கா பிரில், உலாட்ஸிமிர் கலெஸ்னிக் என்ற இரண்டு எழுத்தாளர்களோடு சேர்ந்து டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எரிந்த கிராமங்களில் எப்படியோ பிழைத்த 300க்கும் மேற்பட்டவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அது 'நான் நெருப்புக் கிராமத்திலிருந்து வருகிறேன்' என்ற புத்தகமானது. எழுத்தாளரின் அலங்காரம் இல்லாமல், பாட்டிமார்கள் பேசுகிற பேச்சை அப்படியே போட்ட புத்தகம். 2015ல் நோபல் வாங்கிய ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் தன் பாணிக்கு அதமோவிச்சைத்தான் குருவாகச் சொல்கிறார். படத்தில் வருகிற பல விஷயங்கள், ஜன்னல் வழியாகக் குழந்தைகளை விட்டுவிட்டு வரச் சொல்வது உட்பட, யாரோ ஒரு எழுத்தாளன் ராத்திரி முழித்திருந்து யோசித்த 'சீன்' இல்லை என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

கிளிமோவுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. 1933ல் ஸ்டாலின்கிராடில் பிறந்தவர். ஒன்பது வயசில், அந்த ஊர் எரிந்துகொண்டிருந்தபோது, அம்மாவோடும் கைக்குழந்தைத் தம்பியோடும் வோல்கா நதியைக் கடந்து தப்பித்தவர். எண்ணெய் பரவி ஆறே எரிந்துகொண்டிருந்தது என்று பின்னாளில் சொன்னார். தான் கண்டதை முழுசாகக் காட்டியிருந்தால் தன்னாலேயே அந்தப் படத்தைப் பார்க்க முடிந்திருக்காது என்றும் சொல்லியிருக்கிறார்.

1977லேயே படத்துக்கு எல்லாம் தயார். அப்போது பெயர் 'ஹிட்லரைக் கொல்'. சோவியத் சினிமாத் துறை அதிகாரிகள் திரைக்கதையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். வீரம் இல்லை, அழுக்கும் அவலமும்தான் இருக்கு என்று புகார். இதற்கு நடுவில் 1979ல் கிளிமோவின் மனைவி லரிஸா ஷெபித்கோ கார் விபத்தில் இறந்துபோனார். அவரும் பெரிய இயக்குநர். பெலாரஸ் ஆக்கிரமிப்பை வைத்தே அவர் எடுத்த 'ஏற்றம்' 1977ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது (அதைத் தனிப் பதிவாகத்தான் எழுதணும்). வெற்றியின் 40வது ஆண்டு விழா நெருங்கியபோதுதான் இந்தப் படத்துக்கு வழி திறந்தது. தலைப்பில் 'ஹிட்லர்' என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

படப்பிடிப்பு ஒன்பது மாதம், பெலாரஸிலேயே. காட்சிகளைக் கதை நடக்கும் வரிசையிலேயே எடுத்தார்கள். தயாரிப்பாளர்களைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள், ஆனால் பலன் திரையில் தெரிகிறது. அலெக்ஸி கிராவ்சென்கோ என்ற அந்தப் பையன், முன்பின் நடித்ததே இல்லை, முதல் ரீலில் பால் வடியும் முகத்தோடு இருக்கிறான். கடைசி ரீலில் சுருக்கம் விழுந்த கிழவன். மேக்கப் உண்டுதான், ஆனால் மேக்கப் மட்டும் இல்லை. நிஜத் தோட்டாக்களைத் தலைக்கு மேல் சுட்டார்கள் என்பது போன்ற கதைகள் நிறைய உலவுகின்றன. இன்றைக்கு அப்படி ஒரு குழந்தையை வைத்துப் படமெடுக்க யாரும் விடமாட்டார்கள். விடக்கூடாது என்பதுதான் என் கருத்தும். அந்தப் பையன் பின்னாளில் ரஷ்யாவில் தெரிந்த நடிகராகவே ஆனார் என்பது ஒரு ஆறுதல்.

படம் சோவியத் யூனியனில் கிட்டத்தட்ட 3 கோடிப் பேர் பார்த்த வெற்றிப் படம். 1985 மாஸ்கோ விழாவில் பரிசும் வாங்கியது. கிளிமோவ் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை. புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' எடுக்க ஆசைப்பட்டார், நடக்கவில்லை. சினிமாவில் செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று ஒதுங்கி, 2003ல் இறந்துபோனார்.

அந்த 'ஹிட்லரைக் கொல்' என்ற பழைய தலைப்பு படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. முடிவில் ஃப்ளியோரா சேற்றில் கிடக்கும் ஹிட்லர் படத்தைப் பார்த்துச் சுடுகிறான். படம் முழுக்க அவன் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடிக்கவில்லை, இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு குண்டுக்கும் பழைய நியூஸ்ரீல் பின்னோக்கி ஓடுகிறது. இடிந்த கட்டடம் எழுகிறது, விழுந்த குண்டு விமானத்துக்குள் ஏறுகிறது, ஊர்வலங்கள் தலைகீழாகப் போகின்றன, ஹிட்லர் இளைஞனாகி, சிறுவனாகி, கடைசியில் அம்மா மடியில் ஒரு குழந்தை. ஃப்ளியோரா நிறுத்திவிடுகிறான். அந்தக் குழந்தையைச் சுட முடியவில்லை. இதற்குக் கொஞ்சம் முன்னால்தான், பிடிபட்ட எஸ்.எஸ். அதிகாரி ஒருவன், எல்லாம் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்குகிறது, அதனால்தான் குழந்தைகளை விடக்கூடாது என்று கத்தியிருப்பான். இதைக் கொஞ்சம் வலிந்து செய்த உத்தி என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோணலை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம், சுடாமல் நின்ற ஒரு விரல்தான் அந்தப் பையனிடம் மிச்சமிருந்தது.

இனி, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம். ஹத்தீனை எரித்தது யார்?

நினைவிடம் திறந்த காலத்தில் சொன்ன பதில் 'ஜெர்மன் பாசிஸ்டுகள்'. கட்டளையும் சீருடையும் ஜெர்மனியுடையவை, அதில் சந்தேகமில்லை. அன்று வந்த படைகளில் ஒன்று டிர்லெவாங்கரின் எஸ்.எஸ். படை. அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, சிறுமி ஒருத்தியிடம் தவறாக நடந்ததற்காகச் சிறை போன ஆள் அவன். அவன் படையில் முதலில் சேர்த்தது திருட்டு வேட்டைக்காரர்களை, அப்புறம் பலவிதக் கைதிகளை. ஆனால் ஹத்தீனில் முக்கிய வேலையைச் செய்தது 118வது துணைப் போலீஸ் பட்டாலியன். 1942ல் கீவில் அமைத்தது. அதிகாரிகளாக மேலே ஜெர்மானியர்கள். கீழே பெரும்பாலும் உக்ரைன்காரர்கள், அதில் பலர் ஜெர்மன் முகாம்களில் பட்டினி கிடந்த சோவியத் போர்க்கைதிகள். நேற்றுவரை செஞ்சேனைச் சிப்பாய். பட்டினியில் சாவதா, இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வதா என்று வந்தபோது சட்டையைப் போட்டுக்கொண்டவர்கள். விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். கொட்டகை வாசலில் நின்றபோது இந்த இரண்டு வகைக்கும் வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

'சகோதர' சோவியத் குடியரசுகளில் ஒன்றின் ஆட்கள் இன்னொன்றின் கிராமத்தை எரித்தார்கள் என்பதை மாஸ்கோ எப்படிச் சொல்லும்? சொல்லவில்லை. அதேபோல, செத்த யூதர்களையும் 'அமைதியான சோவியத் பிரஜைகள்' என்ற பொதுப் பெயருக்குள் போட்டு மூடிவிட்டார்கள். இன்னொரு சந்தேகமும் ரொம்ப நாளாக உண்டு. கத்தீன் என்று இன்னொரு இடம் இருக்கிறது, ரஷ்யாவில். 1940ல் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் சுமார் 22,000 போலந்து அதிகாரிகளையும் கைதிகளையும் சுட்டுக்கொன்ற சம்பவத்துக்கு அந்தப் பெயர்தான் நின்றது. சோவியத் அரசு 1990 வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. கத்தீன், ஹத்தீன். நூற்றுக்கணக்கான எரிந்த ஊர்களில் நினைவிடத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது உலகம் இரண்டையும் குழப்பிக்கொள்ளட்டும் என்றா? 1974ல் அமெரிக்க அதிபர் நிக்சனை ஹத்தீனுக்குக் கூட்டிப் போனதும் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. நிரூபணம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று, பெயர் ஒத்துப்போவதால் அந்த 149 பேர் சாகாமல் ஆகிவிடவில்லை. இரண்டு ஊர்ப் பிணங்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கிளிமோவின் படம் இதில் மரியாதைக்குரிய வேலை செய்திருக்கிறது. கொளுத்துகிற கூட்டத்தில் உள்ளூர் மொழி பேசுகிறவர்களையும் காட்டுகிறது. பிடிபட்டதும் தன் எஜமானர்கள் மீதே பெட்ரோல் ஊற்றத் தயாராகிற ஒருவனையும்.

அந்தப் படம் வந்த அதே 1985ல் இன்னொன்றும் நடந்தது. கீவ் பகுதியில் அரசுப் பண்ணை ஒன்றில் துணை இயக்குநராக இருந்த கிரிகோரி வசியூரா என்பவர், வெற்றியின் 40வது ஆண்டு விழாவுக்காகப் போர் வீரர்களுக்குக் கொடுக்கும் பதக்கம் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். போர் வீரர் என்ற மரியாதையோடு வாழ்ந்தவர். ஜெர்மானியர்களோடு ஒத்துழைத்ததற்காக 1950களில் தண்டனை வாங்கி, பொது மன்னிப்பில் வெளியே வந்தவர்தான், ஆனால் எந்தப் படையில் என்ன செய்தார் என்பது முழுசாக வெளியே வந்திருக்கவில்லை. பதக்கத்துக்காக ஃபைலைத் தோண்டியபோது வந்தது. 118வது பட்டாலியனின் தலைமை அலுவலர். ஹத்தீனில் உத்தரவு கொடுத்து நின்றவர்.

1986 கடைசியில் மின்ஸ்க்கில் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அவரிடம் வேலை பார்த்த பழைய ஆட்களே, தண்டனை அனுபவித்து முடித்தவர்கள், வந்து சாட்சி சொன்னார்கள். 1987ல் மரண தண்டனை நிறைவேறியது. ஊரெல்லாம் தியேட்டர் தியேட்டராக எரிகிற கொட்டகையைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அதே நாட்களில், நிஜக் கொட்டகையின் வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் மூச்சு விடவில்லை. மேலிடத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். வழக்கு ஆவணங்கள் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது சோவியத் யூனியன் உடைந்து பல வருஷம் கழித்து.

பட்டாலியனில் மிச்சமிருந்தவர்களை 1944ல் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பகுதி ஆட்கள் ஜெர்மானியர்களை விட்டு ஓடி பிரெஞ்சு எதிர்ப்புப் படையில் சேர்ந்துகொண்டார்கள்! ஹத்தீனை எரித்த பட்டாலியனிலிருந்து கொரில்லாக்கள். அவர்களில் ஒருவர் விளாதிமிர் கத்ரியூக், அப்புறம் பிரெஞ்சு அயல்நாட்டுப் படை, 1951ல் கனடா. கியூபெக் மாகாணத்தில் தேனீ வளர்த்தார். பொய் சொல்லிக் குடியுரிமை வாங்கினார் என்று 1999ல் கனடா நீதிமன்றம் சொன்னது, ஆனால் போர்க்குற்றத்துக்கு ஆதாரம் போதவில்லை என்றது. 2007ல் அரசாங்கம் குடியுரிமையைப் பறிக்காமல் விட்டுவிட்டது. கொட்டகை வாசலில் மெஷின் கன்னோடு இருந்தவர் என்று பழைய சோவியத் சாட்சியங்கள் சொன்னதை அவர் கடைசிவரை மறுத்தார். 2015 மே மாதம், 93 வயதில், தேன் கூடுகளுக்குப் பக்கத்தில் இருந்த வாழ்க்கையை முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.